அப்பா சாப்பிடும் இடங்கள்

ஆரியசாலை
8.2.2025, சனி

ஜெயகுமார்,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் நினைத்தேன், கை ஓடவில்லை. அப்பாவைக் காணோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சண்டையெல்லாம் பிறகு.

உனக்குப் போன் போட்டுப் போட்டு விரல் தேய்ந்தது. போனக்காட்டில் ரேஞ்ச் கிடையாது, எதுவானாலும் பஸ் கண்டக்டர் கையில் எழுதிக் கொடுத்தனுப்புவதுதான் அங்கே வழக்கம் என்று தம்பானூர் ஸ்டாண்டில் சொன்னார்கள். பிரஜின் என்கிற கண்டக்டருக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. "ஜெயன் சேட்டனோ? மலை ஏற வருந்நவர்க்கு ஊணு கடை நடத்துந்ந ஆளல்லே?" என்றான். மூன்று வருஷத்தில் நீ சேட்டன் ஆகிக் கடையும் வைத்துவிட்டாய். எங்களுக்கு ஒரு வரி எழுதத்தான் நேரமில்லை.

அப்பாவுக்கு மறதி நோய். நீ போன மறு வருஷம் ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு கிழமையை, பிறகு என் பெயரை. ஆரியசாலை மொத்தக் கடைக்கு ஆயுசு முழுக்கக் கணக்கு எழுதிய மனுஷன், இப்போது சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நிற்கிறார். அம்மாவை மட்டும் இன்னும் அடையாளம் தெரிகிறது.

நேற்றுக் காலை, வெள்ளிக்கிழமை, நான் ஆபீசுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்பா நெற்றி நிறைய நீறு பூசி, தோளில் துண்டும் போட்டு வாசலுக்கு வந்தார். "எங்கப்பா?" என்றேன். "சாப்பிட்டுட்டு வாறேன்" என்றார். அப்போதுதான் இட்லி தின்று கை கழுவியிருந்தார். "சாயங்காலம் போலாம், இருங்க" என்று சொல்லிவிட்டு பையை எடுக்க உள்ளே போனேன். வந்து பார்த்தால் வாசல் காலி.

போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஆஸ்பத்திரிகளில் தேடியாயிற்று. பிணவறைக்கும் போய் நின்றேன், ஜெயா. ஒவ்வொரு துணியாக விலக்கிக் காட்டினார்கள். அங்கே அவர் இல்லை என்றதும் சந்தோஷப்பட்டேன், அந்தச் சந்தோஷத்துக்காக வெட்கமும் பட்டேன்.

டாக்டர் ஒன்று சொன்னார். எல்லாம் மறந்தாலும் பழகிய இடத்துக்குக் கால் தானாகப் போகுமாம். அப்பாவுக்குப் பழகிய இடம் ஓட்டல்தானே. சனிக்கிழமை சாயங்காலமானால் உன்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். பெண் பிள்ளை ஓட்டலில் உட்கார்ந்து தின்னக் கூடாது என்று என்னை ஒரு நாள் அழைத்ததில்லை. எனக்கு ரசவடைப் பொட்டலம் மட்டும் வரும். அதனால் எனக்குத் தெரிந்தது கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த உச்சிமாகாளி ரசவடைக் கடை ஒன்றுதான். அங்கே இன்று முழுக்க நின்றேன். வரவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் வேறு எங்கெங்கே போவீர்கள்? என்ன தின்பீர்கள்? எல்லாவற்றையும் எழுது. முடிந்தால் நீயே வா. படி ஏறக் கூடாது என்று சொன்ன மனுஷன் இப்போது வீட்டில் இல்லை.

வேணி


போனக்காடு
9.2.2025, ஞாயிறு

அக்கா,

கடிதம் காலை வண்டியில் வந்தது. பதிலைச் சாயங்கால வண்டியில் அனுப்ப வேண்டும், பிரஜின் வாசலில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறான். அதனால் கோர்வையாக வராது.

நான் வர முடியாது. போன மாதம் ஓடைப் பாறையில் வழுக்கி வலது கால் முறிந்துவிட்டது. தொடை வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். கடைக்குள்ளேயே ஒரு கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொண்டு, ஷெமிக்கு உப்பு புளி சொல்லிக்கொண்டிருக்கிறேன். இதைச் சாக்கு என்று நினைப்பாய். கால் நன்றாக இருந்தாலும் வந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

ஷெமியை நான் கட்டிக்கொண்டு வந்த அன்று அப்பா என்ன சொன்னார்? "கறி தின்ன வீட்ல பொண்ணெடுத்தவன் இந்தப் படி ஏறப்பிடாது. சைவ வெள்ளாளன் வீடு இது, முட்டை கூட உள்ள வந்ததில்ல." தெருவே கேட்டது. ஷெமி கையில் பூமாலையோடு நின்றாள். நீ அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றாய், அம்மா உன் முதுகுக்குப் பின்னால் நின்றாள். எனக்குச் சொல்ல வேண்டிய பதில் ஒன்று இருந்தது. நான் அதைச் சொல்லாமல் படி இறங்கினேன்.

சரி, அது கிடக்கட்டும். இடங்களை எழுதுகிறேன்.

உச்சிமாகாளி அண்ணன் கடையில் நீ முழு நாளும் நிற்க வேண்டாம். காலை பதினொரு மணிக்கு மேல் அப்பா அங்கே உட்கார்ந்து தின்ன மாட்டார். அதற்கு மேல் வடை ரசத்தில் ஊறிக் கூழாகிவிடும். உள்ளே மெத்தென்றும் ஓரம் மட்டும் கடிபடும்படியும் இருக்கிற நேரம் ஒன்று உண்டு, அதற்காகத்தான் போவார்.

வலியசாலையில் கோயில் தாண்டி போளி போடுகிற வீடு. வெளியே போர்டு கிடையாது, நெய் வாசனைதான் அடையாளம். போளியை இலையில் விரித்து, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து தின்பார். வேறு ஊர்க்காரன் பார்த்தால் சிரிப்பான், தின்று பார்த்தால் வாயை மூடிக்கொள்வான்.

தம்பானூரில் சுற்றிச் சுற்றி ஏறுகிற காபி ஹவுஸ். அப்பாவுக்கு உச்சியில் இருக்கிற மேஜைதான் வேண்டும். பீட்ரூட் போட்ட சிவப்பு மசாலா தோசை. முட்டி வலித்தாலும் மேலே ஏறித்தான் தின்பார்.

பழவங்காடிப் பக்கம் ஒரு இலைச் சாப்பாட்டு மெஸ். அங்கே உள்ளித்தீயலுக்காகப் போக வேண்டும். அந்த வெங்காயக் குழம்புக்குத் தேங்காயை வறுத்து, கருகுவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்து அரைத்திருப்பார்கள். அந்தத் தீயலை நான் இங்கே எத்தனையோ தடவை செய்து பார்த்துவிட்டேன், கிட்டேகூட வரவில்லை.

இன்னும் ஒன்றிரண்டு இடம் இருக்கலாம். ஞாபகம் வந்தால் எழுதுகிறேன். வருகிற கடிதத்தையெல்லாம் இப்போதும் அம்மாவுக்கு உட்கார வைத்து வாசித்துக் காட்டுகிறாயா?

ஜெயன்


ஆரியசாலை
10.2.2025, திங்கள்

ஜெயா,

நீ சொன்ன இடமெல்லாம் போய்விட்டு வருகிறேன். எங்கேயும் இல்லை.

போளி வீட்டு அம்மாள் போட்டோவைப் பார்த்ததும், "நம்ம பிள்ளைவாள்! பார்த்து ரொம்ப நாளாச்சே" என்று அழுதுவிட்டாள். எனக்கு ஒரு போளியைக் கையில் வைத்தாள். அதைத் தின்னவும் முடியவில்லை, போடவும் முடியவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தேன். காபி ஹவுஸில் அடி முதல் உச்சி வரை மூன்று தடவை ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மேஜையிலும் யாரோ ஒருவரின் அப்பா உட்கார்ந்து தோசை தின்றுகொண்டிருந்தார். மெஸ்ஸில் உள்ளித்தீயல் பரிமாறுகிறவர் என்னைச் சாப்பிடச் சொன்னார். உட்கார்ந்தேன். முதல் வாயிலேயே விக்கி, எழுந்து வந்துவிட்டேன். இத்தனை ருசியான ஊரில் பிறந்து, இந்த ஓட்டல்களை நான் முதல்முதலாகப் பார்ப்பது இப்படியா இருக்க வேண்டும்?

மத்தியானம் கிழக்கேகோட்டை ஸ்டாண்டில் ஒரு வயசானவர் மயங்கிக் கிடக்கிறார் என்று போன் வந்தது. ஆட்டோக்காரன் என்னை ஏற்றிக்கொண்டு வண்டியை விரட்டினான். அதே துண்டு, அதே வழுக்கை. ஓடிப்போய் மடியில் தலையை எடுத்து வைத்த பிறகுதான் முகம் தெரிந்தது. யாரோ. "மோளே" என்று மகளைக் கூப்பிடுவது போல என் கையைப் பிடித்துக்கொண்டார். உதறிவிட்டு வந்தேன். நான் அப்படிப்பட்டவள் இல்லை, ஜெயா. இப்போது அப்படி ஆகிவிட்டேன்.

அம்மா அன்னம் தொடவில்லை. "அவருக்கு இலை போடாம எனக்கு எப்படி எறங்கும்?" என்கிறாள். வெந்நீரும் கருப்பட்டித் துண்டும்தான். சர்க்கரை நோய்க்காரி. இவளையும் இழந்தால் நான் ஒற்றை ஆளாக நிற்பேன்.

"ஞாபகம் வந்தால் எழுதுகிறேன்" என்றால் என்ன அர்த்தம்? இருபது வருஷத்துக்கு முன்னால் தின்ற தீயலில் தேங்காய் கருகாமல் இருந்தது ஞாபகம் இருக்கிறது, கடை ஞாபகம் இல்லையா? என்னைத் தண்டிப்பதற்கு வேறு நேரம் பார். உன் முதுகுக்குப் பின்னால் நிற்காமல் அப்பா முதுகுக்குப் பின்னால் நின்றேன், உண்மைதான். அதற்கு இதுவா விலை?

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். இந்த வீட்டில் எந்தக் கடிதம் தனியாக வாசிக்கப்பட்டது? "இன்னும் ஒன்றிரண்டு இடம்" என்று நீ எழுதிய இடம் வந்ததும், "அதத் திரும்ப வாசி" என்றாள். வாசித்தேன். அதன் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

எழுது. உன் காலில் விழுகிறேன் என்று எழுதினால் எழுதுவாயா? விழுகிறேன்.

வேணி


போனக்காடு
11.2.2025, செவ்வாய்

அக்கா,

இந்தக் கடிதத்தை அம்மாவுக்கு வாசிக்காதே. குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு படி. படித்ததும் கிழித்துவிடு.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் அப்பாவும் ரசவடை தின்னப் போனதில்லை. உனக்கு வந்த அந்தப் பொட்டலம் வீட்டுக்கு வரும் வழியில் வாங்கியது. கையிலும் சட்டையிலும் ரச வாசனை அடிக்க வேண்டும் என்பதற்காக, நடந்துகொண்டே ஆளுக்கு ஒரு வடையும் தின்போம். அதற்கு முன்னால் நாங்கள் தின்றது வேறு.

சாலைக் கடைத்தெருவில் வெங்காய மண்டிகளுக்குப் பின்னால் ஒரு சந்து. ஹமீதிக்கா கடை. அங்கே கோழிதான். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னக் கோழி, இடித்த வற்றல் மிளகாய் போட்டுப் பொரித்தது. பொரிக்கும்போது சட்டியில் உதிர்கிற மசாலாப் பொடியை வழித்து மேலே தூவிக் கொடுப்பார். அந்தப் பொடிக்காகத்தான் அப்பா போவார். மெல்லிசுச் சப்பாத்தியில் அந்தப் பொடியை வைத்துச் சுருட்டி முதலில் தின்பார், கறி அதற்குப் பிறகுதான். கடைசியில் ஒரு கிளாஸ் எலுமிச்சம் தண்ணீர். அந்தச் சாயங்காலங்களில் அப்பா சிரித்த மாதிரி வீட்டில் சிரித்து நான் பார்த்ததில்லை.

இன்னொன்று வஞ்சியூரில் கோர்ட்டுக்குப் பின்னால் ரத்னாபாய் மெஸ். மார்த்தாண்டத்துக்காரி. மாங்காய் போட்ட மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். சாலையில் தெரிந்த முகம் எதிர்ப்பட்ட நாட்களில் அங்கே போவோம்.

அப்பா அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார். "கோழியும் மீனும் போதும். ஆட்டுக்குப் போகப்பிடாது. நாம சைவம்லா?" என்பார். சிரிக்காமல் சொல்வார். நானும் பெரியவனாகும் வரை அதை நம்பினேன்.

முக்கியமான விஷயம். சந்து முனையில் துண்டால் நெற்றியை அழுத்தித் துடைத்து நீற்றை எடுத்துவிடுவார். என் நெற்றியையும் துடைப்பார். திரும்பும்போது குழாயில் முகம் கழுவி, மடியிலிருந்து எடுத்து மறுபடியும் பூசுவார். அதனால் நீ காட்டுகிற போட்டோவில் அவரை அங்கே யாருக்கும் தெரியாது. நெற்றியை உன் விரலால் மறைத்துக் காட்டு.

இதை ஏன் முதல் கடிதத்திலேயே எழுதவில்லை என்று கேட்பாய். அப்பா என் தலையில் கை வைத்து சத்தியம் வாங்கியிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்தால் அவள் உயிரை விட்டுவிடுவாள் என்றார். படியில் நிறுத்தி அவர் என்னைத் திட்டிய அன்றுகூட நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் ஜெயித்திருப்பேன். திட்டும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவே இல்லை, ஷெமி கையிலிருந்த மாலையைப் பார்த்துத்தான் திட்டினார். இத்தனைக்கும் பிறகு அவர் மானத்தைக் காப்பாற்றத்தான் போன கடிதத்தில் மழுப்பினேன். போளியும் தோசையும் எழுதி உன்னைச் சுற்ற விட்டேன். ஷெமி படித்துவிட்டு, "மானத்தை வச்சு என்ன செய்யப் போறீங்க? ஆளு வேணுமா மானம் வேணுமா?" என்று கேட்டாள்.

ஆள் வேண்டும், அக்கா. ஓடு.

ஜெயன்


ஆரியசாலை
12.2.2025, புதன்

ஜெயா,

குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு படித்தேன். முழுதாகப் படித்து முடிக்கவில்லை, வெளியே அம்மா கதவைத் தட்டினாள்.

"ஹமீது கடைய எழுதிட்டானா?"

கதவைத் திறந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சட்டைய நாந்தானே துவைச்சேன்? பையில கடை பில்லு கிடக்கும். ரசத்துல எந்த ஊர்ல எண்ணெய்க் கறை இருக்கும்?" என்றாள்.

எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டேன். கல்யாணமான புதிதிலிருந்தே தெரியுமாம். பிறகு நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். இந்த அஞ்சு நாளும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினேன். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அந்த மனுஷன் தூக்குல தொங்கிருவாரு. பிள்ளைக முன்னால நான் எப்படிச் சொல்லுவேன்? ஜெயன் எழுதுவான், எழுதுவான்னு இருந்தேன்" என்றாள். நீ அவளுக்காக மூடிக்கொண்டிருந்தாய், அவள் அப்பாவுக்காக மூடிக்கொண்டிருந்தாள். ஒன்றும் தெரியாத நான் ஒருத்தி மட்டும் ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன். நம்மைப் போல் ஒரு குடும்பம் எங்கேயாவது உண்டா?

அம்மாவும் என்னோடு வந்தாள். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. அந்தச் சந்துக்குள் போனதும் முந்தானையால் மூக்கை மூடினாள். கடை வாசலில் முந்தானையை எடுத்துவிட்டு உள்ளே ஏறினாள்.

ஹமீதிக்காவுக்கு நம் அப்பா வயசு இருக்கும். போட்டோவில் நெற்றியை மறைக்க வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. "பிள்ளை சாரல்லே? இந்த ஆழ்ச்ச குறியிட்டோண்டா வந்நது. முப்பது கொல்லத்தில் ஆத்யமாயிட்டா நான் அது காணுந்நது" என்றார். நீறு பூசிக்கொண்டு அவர் வந்தது இதுதான் முதல் தடவையாம். துடைக்க வேண்டும் என்பதை மறந்துவிட்டிருக்கிறார். அல்லது இனி துடைக்க வேண்டாம் என்று தோன்றியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை வந்தாராம். சனி, ஞாயிறு, திங்கள், எல்லா நாளும் வந்தாராம். நான் உச்சிமாகாளி கடையிலும் காபி ஹவுஸிலும் நின்று அழுதுகொண்டிருந்த நேரமெல்லாம், இரண்டு தெரு தள்ளி அவர் உட்கார்ந்து சப்பாத்தி தின்றுகொண்டிருந்தார். வீட்டில் எல்லோரும் நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார்கள் என்று சொன்னாராம். ராத்திரி கடை பெஞ்சிலேயே படுக்க விட்டிருக்கிறார் ஹமீதிக்கா. நினைவு சரியில்லை என்று புரிந்து வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறார். ஆனால் வீடு எங்கே என்று அவருக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் அப்பா கரமனை என்றே சொல்லி வைத்திருந்தாராம். கரமனை முழுக்க ஆள் விட்டுத் தேடியிருக்கிறார் பாவம். கூப்பிடு தூரத்தில் நாங்கள் இருந்தோம்.

நேற்று மத்தியானம் அப்பா தின்னவில்லை. "பார்சல் வேணும். மோன் மலையில இருக்கான். அங்க பட்டினி கிடப்பான்" என்றாராம். கேட்டது உன்னைத்தான், ஜெயா. உன் பெயரை வீட்டில் சொல்லக் கூடாது என்று வைத்திருந்தவர் கேட்டது உன்னை. உன்னை விரட்டியது மறந்துபோய், நீ மலையில் இருப்பது மட்டும் மனதில் நின்றிருக்கிறது. கோழியும் சப்பாத்தியும் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ஹமீதிக்கா அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் பொட்டலத்தோடு இறங்கிப் போய்விட்டார்.

தம்பானூர் ஸ்டாண்டில் கேட்டேன். மலைக்குப் போகிற வண்டி எது என்று கேட்டுக்கொண்டு ஒரு கிழவர் திரிந்ததைப் பழக்கடைக்காரன் பார்த்திருக்கிறான். எந்த வண்டியில் ஏறினார் என்று தெரியவில்லை. பொன்முடியும் மலைதான், நெய்யாறும் மலைதான். காட்டுக்குள் இறங்கிவிட்டால் என்ன ஆகும்? நீ இருக்கிற இடத்தில் யானை வரும் என்று பிரஜின் சொல்கிறான். நேற்று ராத்திரி அவர் எங்கே கிடந்தார்? நினைத்தால் பைத்தியம் பிடிக்கிறது.

நானே மலைக்கு வந்திருப்பேன். கடை வாசலில் இறங்கும்போது அம்மா தலை சுற்றி விழுந்துவிட்டாள். டிரிப் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்துதான் எழுதுகிறேன். போட்டோவைப் பிரஜினிடம் கொடுத்துவிடுகிறேன். வழியில் நிற்கிற இடமெல்லாம் காட்டச் சொல்லியிருக்கிறேன். நீ ஷெமியிடம் சொல். தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற எல்லோரிடமும் சொல். ஓடை ஓரமெல்லாம் பார்க்கச் சொல். அவள் முகத்தில் கதவை மூடியவள் நான், எந்த உரிமையில் கேட்கிறேன் என்று தெரியாது. கேட்கிறேன்.

அக்கா


போனக்காடு
14.2.2025, வெள்ளி

அக்கா,

பிரஜின் கீழே விதுரையிலிருந்து போனில் சொல்லியிருப்பான். அப்பா இங்கே இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். மீதியை அவனால் சொல்லியிருக்க முடியாது, அதை நான் எழுதுகிறேன். எழுதும்போதே இரண்டு தடவை ஷெமி தோளைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டு வந்தேன், அதனால் எழுத்து ஒழுங்காக இருக்காது. காரணம் கீழே வரும்.

நேற்றுக் காலை விதுரை ஸ்டாண்டில் வண்டி நின்றதும் பிரஜின் கீழே இறங்கி ஒவ்வொருவரிடமும் போட்டோவைக் காட்டியிருக்கிறான். டீக்கடைக்காரர் போட்டோவைப் பார்த்துவிட்டு விரலை மட்டும் நீட்டினாராம். கழிப்பறைச் சுவரோரம் அப்பா உட்கார்ந்திருந்தார். செவ்வாய்க்கிழமை சாயங்காலத்திலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார். யார் என்ன கொடுத்தாலும் வாங்கவில்லையாம், தண்ணீர் மட்டும் குடித்திருக்கிறார். பிரஜின் அவரைத் தூக்கி முன் சீட்டில் உட்கார வைத்து, நேராக இங்கே கொண்டுவந்துவிட்டான். வரும் வழியெல்லாம் மடியிலிருந்த பொட்டலத்தை யாரையும் தொட விடவில்லையாம்.

ஷெமியும் கலைச்செல்வியும் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுவந்தார்கள். கலைச்செல்வி இங்கே எஸ்டேட் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவள். எனக்கு எழுந்து நிற்க முடியவில்லை, கட்டிலில் இருந்தபடியே "அப்பா" என்றேன். மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன். என்னைப் பார்த்தார்.

"என் மோன் எங்க?" என்று கேட்டார்.

"நாந்தான் அப்பா. ஜெயன்."

"நீயில்ல. அவன் சின்னப் பையன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். ஹமீதிக்கா கடையைச் சொன்னேன். ஆரியசாலை வீட்டைச் சொன்னேன். அம்மா பெயரைச் சொன்னேன். "சரஸ்வதிய உனக்கு எப்படித் தெரியும்?" என்று சந்தேகத்தோடு பார்த்தார். ஷெமி கஞ்சி கொண்டுவந்தாள். மோன் தின்னாமல் நான் தின்ன மாட்டேன் என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். மூன்று தடவை தள்ளினார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. கலைச்செல்வி நாடியைப் பார்த்துவிட்டு, இன்னும் இப்படியே கிடந்தால் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வரை தாங்க மாட்டார் என்றாள். பஸ்ஸில் உட்கார வைத்துக் கொண்டுபோகிற நிலையில் அவர் இல்லை, மேலே போன எஸ்டேட் ஜீப்போ இன்று சாயங்காலம்தான் திரும்பும்.

விடிந்ததும் கட்டிலில் இருந்து கீழே இறங்கினேன். கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு அப்பாவுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். "பசிக்கி. அதக் குடுங்க" என்றேன். யோசித்தார். பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டியபடியே இருந்தேன். வெகு நேரம் கழித்துக் கொடுத்தார்.

பிரித்ததும் ஷெமி மூக்கைப் பொத்தினாள். மூன்று நாள் வெயிலிலும் பஸ்ஸிலும் மடியிலும் கிடந்த கறி. சப்பாத்தி வழவழவென்று கையில் ஒட்டியது. "தின்னா செத்துப் போவீங்க" என்று ஷெமி என் கையைப் பிடித்தாள். விலக்கிவிட்டேன். தின்றேன், அக்கா. பொடியை வழித்து முதலில் தின்றேன், பிறகு கறியை. கண்ணில் தண்ணீர் வந்தது, குமட்டியது, விழுங்கினேன். ஒரு துண்டு மீதம் வைத்தாலும் மோனுக்கு என்று எடுத்து மறுபடி கட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எலும்பு தவிர எல்லாவற்றையும் தின்றேன். இப்படித் தின்றால் என்னைத் தெரியும் என்று நினைத்தேன். ஹமீதிக்கா கடையில் அவர் எதிரில் உட்கார்ந்து தின்றவன் நான்தானே. அந்த ஒரு நம்பிக்கையில்தான் தின்றேன்.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து ஷெமியிடம், "பாவம் இந்தப் பையன். எத்தன நாள் பட்டினியோ, எப்படித் திங்கான் பாரு" என்றார். அடையாளம் தெரியவில்லை. பிறகு என்னிடம், "பரவாயில்ல, தின்னு. என் மோனுக்கு வேற வாங்கிக்கிடலாம்" என்றார்.

நான் அழுதுவிட்டேன். கறி தின்ற கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அவர் நகர்ந்து வந்து என் முதுகைத் தடவினார்.

சாயங்கால ஜீப்பில் அவரைக் கீழே கொண்டுவருகிறோம். ஷெமியும் கூட வருகிறாள். நானும் வருகிறேன், நீயும் அம்மாவும் இருக்கிற அதே ஆஸ்பத்திரிக்கு. படி ஏற முடியாத காலோடு இருக்கிறேன், யாராவது தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருக்கும். என் வயிறு இப்போது என்னைக் கொன்றுகொண்டிருக்கிறது, அதைப் பற்றிக் கவலைப்படாதே, கலைச்செல்வி மருந்து கொடுத்திருக்கிறாள்.

நான் அழுது முடித்த பிறகு அப்பா வாசல் பக்கம் பார்த்தார். ஷெமி அடுக்களைக்குள் இருந்தாள். என் காதருகே குனிந்து, "நாளைக்குச் சனிக்கிழம. சாலைக்குள்ள நல்ல கடை ஒண்ணு இருக்கு, உன்னையும் கூட்டிட்டுப் போறேன். வீட்ல மட்டும் மூச்சு விட்டிராத" என்றார். வருகிறேன் என்றேன். அதற்குப் பிறகுதான் கிண்ணத்தை வாங்கிக் கஞ்சியைக் குடித்தார்.

ஜெயன்